காக்கைக்கு முதல் கவளம்

கூழ்ச்சாமி மடத்தில் காக்கை சாப்பிடாமல் யாரும் சாப்பிட முடியாது.

மடம் பண்ருட்டிக்குப் பக்கத்தில், செம்மண் நிலத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. அதை நிறுவிய கூழ்ச்சாமி, வழிப்போக்கர்களுக்குக் கூழ் ஊற்றியே தன் காலத்தைக் கழித்தவர். உபதேசம் என்று எதையும் விட்டுப்போகவில்லை. ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துவிட்டுப் போனார். சமையல்கட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், இடுப்புயரத்துக்கு ஒரு கல் இருக்கிறது. உச்சிவேளையில் முதல் கவளத்தைப் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து அந்தக் கல்லில் வைக்க வேண்டும். பறவை வந்து வாய் வைத்ததும் சேகண்டி அடிக்க வேண்டும். அதன் பிறகுதான் பந்தியில் இலை போடலாம்.

வழக்கமாக வருவது காக்கைதான். அதனால் கல்லுக்குக் காக்கைக்கல் என்று பெயர் வந்துவிட்டது.

மடத்தின் தலைவர் தையல்நாயகி அம்மை. சீடர்களில் பாதிப் பேருக்கு அவரைவிட வயது அதிகம். போதாததற்கு அவர் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார். ஞானம் வந்தால் முகம் இறுகிவிடும் என்று நம்பி வருகிறவர்களுக்கு அவரைப் பார்த்ததும் பெரிய ஏமாற்றமாக இருக்கும்.

அப்படி ஏமாந்தவர்களில் ஒருவர் வைத்திலிங்கம். சர்க்கரை ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு, மகன் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்த டிவிக்குப் பயந்து மடத்துக்கு வந்தார். வந்த அன்றே அம்மையிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, இத்தனை பேர் பசியோட உக்காந்திருக்கோம். காக்காய்க்கு எதுக்கு முதல் கவளம்? அது நம்ம முன்னோருங்கறதாலயா?"

"பசிக்குதா ஐயா?"

"பசிக்குதும்மா."

"சாப்பிட்டு வாங்க, சொல்றேன்."

சாப்பிட்டார். சாப்பிட்டதும் தூக்கம் வந்தது. கேள்வி மறந்துபோயிற்று.

அதற்குப் பிறகும் காக்கை சுணங்கிய நாளிலெல்லாம் அவருக்கு அந்தக் கேள்வி வரும். அம்மையும் அதே பதிலைச் சொல்வார். சோறு உள்ளே போனதும் கேள்வி வெளியே போய்விடும்.

ஐப்பசியில் அம்மை கொள்ளிடக் கரையிலிருந்த கிளை மடத்துக்குப் புறப்பட்டார். திரும்பி வரத் தை மாதம் ஆகிவிடும். சாவிக்கொத்தை வைத்திலிங்கத்திடம் கொடுத்தார்.

"சமையல்கட்டு உங்க பொறுப்பு ஐயா."

"ஒரு குறையும் வராதும்மா."

"வந்தா வரட்டும். வந்தா எங்கேருந்து வருதுன்னு மட்டும் போய்ப் பாருங்க."

அம்மை போன கையோடு மழை பிடித்துக்கொண்டது. விறகெல்லாம் நனைந்தது. சமையல்காரி அஞ்சலாட்சி ஊதி ஊதிப் பார்த்தாள். சோறு வேகப் பொழுது சாய்ந்தது. வைத்திலிங்கம் குடையை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைகளில் ஓடு மலைபோலக் குவிந்து கிடந்தது. அந்த ஓட்டில் எண்ணெய்ப் பசை உண்டு. ஈரமான அடுப்பிலும் ஒரு கூடை போட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போனால் புண்ணியம் என்று கொட்டகைக்காரர்களும் சொல்லிவிட்டார்கள்.

வைத்திலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி வண்டியாகச் சமையல்கட்டின் பின்வாசலில் ஓடு வந்து இறங்கியது.

"எப்படி எரியுது அஞ்சலாட்சி?"

"நல்லாத்தான் எரியுதுங்க ஐயா." சொல்லிவிட்டு இருமினாள்.

"என்ன, தாளிச்சியா?"

"ஆமாங்கய்யா."

அவள் தாளிக்கவில்லை. பெரியவர் மனம் கோணக்கூடாது என்று சொன்னாள். அவரும் நம்பிக்கொண்டு முன்பக்கத்துச் சாமான் அறைக்குப் போய்விட்டார். அந்த அறை வடக்கு ஓரத்தில் இருந்தது. வாடைக்காற்று புகையைத் தெற்கே, வேப்பமரத்துப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிற்று. அவர் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை.

அஞ்சலாட்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பாடிக்கொண்டேதான் சமைப்பாள். தாலாட்டு கேட்டால் சோறு வடிக்கிறாள் என்று அர்த்தம். நடவுப்பாட்டு கேட்டால் குழம்பு கொதிக்கிறது. கும்மிப்பாட்டு என்றால் பாயசம். அன்றைக்கு மடத்தில் எல்லோருக்கும் நடையே மாறிவிடும். ஓடு வந்த பிறகு அந்தப் பாட்டு நின்றுபோனது. ஒருவரும் கவனிக்கவில்லை. சோறு வந்துகொண்டிருந்ததல்லவா.

பந்தியிலும் இருமல் கூடியது. பனிக்காலம் என்றார்கள்.

பிறகு காக்கை வரவில்லை.

முதல் நாள் பொறுத்திருந்தார்கள். மறுநாளும் பொறுத்திருந்தார்கள். கொட்டை உடைக்கும் பெண்கள் வேலை நடுவில் சாப்பிட வருகிறவர்கள்; அவர்கள் பட்டினியாகவே திரும்பிப் போனார்கள். வைத்திலிங்கம் நெய்யைக் கூட்டினார். வடை வைத்துப் பார்த்தார். அப்படியும் வராததால், மரத்தடியில் ஏதோ தோஷம் என்று சாம்பிராணியை அள்ளிப் போட்டுப் புகை காட்டினார். மிச்சமிருந்த இரண்டு மைனாக்களும் அன்றோடு போய்விட்டன.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காக்கைகள் இப்போது ஏரிக்கரை ஆலமரத்தில் இருந்தன. ஓர் ஆள் கவளத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடுவார். காக்கை வாய் வைத்ததும் சிவப்புத் துண்டை ஆட்டுவார். மதில்மேல் நிற்கிற இன்னொருவர் அதைப் பார்த்து, "எடுத்துடுச்சு!" என்று கத்துவார். சேகண்டி அடிக்கும். ஆலையில் வேலை பார்த்தவருக்கு இந்த ஏற்பாட்டில் பெருமைகூட இருந்தது.

தை பிறந்து சில நாளில் அம்மை திரும்பி வந்தார். சரியாக உச்சிவேளை. ஏரிக்கரையில் ஒருவர் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, நம்மூருக்கு ரயில் விட்டுட்டாங்களா?"

வைத்திலிங்கம் நடந்ததையெல்லாம் சொன்னார். அம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைத்திலிங்கம் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"குருபூசை வருதும்மா. அன்னிக்குத் துண்டெல்லாம் ஆட்ட முடியாது. கல்லுலயே பறவை எடுத்தாகணும். எனக்கென்னவோ அஞ்சலாட்சிக்குக் கைராசி போயிடுச்சுன்னு படுது. ஊர்லயும் அப்படித்தான் பேசிக்கறாங்க. நெல்லிக்குப்பத்துலேருந்து வேற சமையல்காரரை வரச்சொல்லியிருக்கேன்."

"ஊர்ல முதல்ல சொன்னது யாரு?"

வைத்திலிங்கம் கொஞ்சம் யோசித்தார். "நான்தாம்மா."

"அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"எனக்குப் போறதுக்கு எடமில்லீங்களேன்னா."

அம்மை எழுந்து பின்பக்கம் போனார். வேப்பமரத்தடியில் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சமையல்கட்டு வாசலில் நின்று அஞ்சலாட்சியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ அடுப்புகிட்ட வராதே. மரத்தடியில வந்து உக்காரு."

"இப்பவே போகச் சொல்றீங்களாம்மா?"

"உக்காருன்னுதான் சொன்னேன். போன்னு சொன்னேனா?"

பிறகு வைத்திலிங்கத்திடம் வந்தார்.

"ஐயா, காக்கா ஏன் வரலேன்னு தெரிஞ்சுக்கணுமா?"

"தெரிஞ்சுக்கணும்மா."

"அப்ப நாளைக்கு நீங்கதான் காக்கா."

மறுநாள் காலையில் வேப்பமரத்தில் ஏணி சாய்ந்திருந்தது. கல்லுக்கு நேர்மேலே தடித்த கிளை ஒன்று உண்டு. காக்கைகள் வழக்கமாக அதில்தான் உட்கார்ந்திருக்கும். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வைத்திலிங்கம் ஏறி உட்கார்ந்தார். மகன் மட்டும் இந்த நேரத்தில் பார்க்க வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

கொட்டை உடைக்கும் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"ஐயா, சும்மா உக்காந்தா எப்படி? கத்தணும்!"

வைத்திலிங்கம் அம்மையைப் பார்த்தார். அம்மை தலையாட்டினார்.

"கா... கா..."

"சத்தம் பத்தல! பக்கத்து மரத்துக்குக் கேக்க வேணாமா?"

"கா! கா!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மரத்தடியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வைத்திலிங்கத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு காலைப் பொழுது கிடைக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அம்மை இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"அடுப்பை நான் பாத்துக்கறேன். கவளம் வர்ற வரைக்கும் எறங்கக் கூடாது."

உள்ளே போனார். அடுப்பில் ஓடு விழும் சத்தம் கேட்டது.

முதலில் ஒரு நெடி வந்தது. பிறகு சமையல்கட்டின் ஓட்டுக்கூரை இடுக்குகளிலிருந்து கறுப்பாகப் புகை கிளம்பியது. மேலே போகாமல் நேராக மரத்துக்குள் நுழைந்து கிளைகளில் சுற்றிக்கொண்டது. வைத்திலிங்கத்துக்குக் கண் எரிந்தது. மூடிக்கொண்டார். மூடிய கண்ணும் எரிந்தது. தொண்டையில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. பொறுத்துப் பார்த்தார். கீழே கவளம் வரும், நெய் மணக்கும், கல்லில் வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். சாப்பாட்டில் பிரியமுள்ள மனிதர்தான். ஆனால் அந்த நேரத்தில் சோறு என்ற நினைப்பே அவருக்குக் குமட்டியது.

கவளம் வருவதற்கு முன்பே மரத்தைக் கட்டிக்கொண்டு சறுக்கி இறங்கினார். ஏணி ஒரு பக்கம் இருந்தது, அவர் இன்னொரு பக்கம் இறங்கினார். கிழக்கே ஓடி, கிணற்றடியில் நின்று, மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

அம்மை சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தார். கையில் கவளம் இருந்தது. முகமெல்லாம் கரி. கண் சிவந்து நீர் வழிந்தது. இருமிக்கொண்டே சிரித்தார்.

"ஏன் ஐயா எறங்கிட்டீங்க? இதோ, சோறு வந்துடுச்சே."

"சோறு வேணாம்மா."

"பசிக்கலையா?"

"முதல்ல மூச்சு விட்டுக்கறேம்மா."

"காக்காயும் இதைத்தான் சொல்லியிருக்கும். உங்களுக்குத்தான் காது கேக்கல."

வைத்திலிங்கம் அம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சமையல்கட்டுக்குள் போனார். சாவி அவரிடம் வந்த நாளிலிருந்து அன்றுதான் முதல்முறையாக உள்ளே காலெடுத்து வைத்தார்.

சுவர் கறுத்திருந்தது. கூரையிலிருந்து தார்போல ஏதோ சொட்டி, சொட்டிய இடத்தில் உறைந்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் ஒரு துணி தொங்கியது. அஞ்சலாட்சி நனைத்து மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொள்கிற துணி. ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்தது. நடுவில், மூச்சு படும் இடம் மட்டும் கறுப்பாக இருந்தது.

வைத்திலிங்கத்துக்கு அழுகை வந்தது. துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அஞ்சலாட்சி, ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

அவள் எழுந்து நின்றாள். "அடுப்புன்னா பொகை வரத்தானே ஐயா செய்யும்? நீங்க வேற அவ்வளவு ஆசையா வாங்கியாந்தீங்க."

"என்னை மன்னிச்சுடும்மா."

"ஐயையோ, பெரிய வார்த்தையெல்லாம் எதுக்குங்க?" என்றாள். துணியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க கத்துனது நெசமாவே காக்கா மாதிரிதான் இருந்துச்சுங்க ஐயா" என்றாள்.

அன்று முதல் வைத்திலிங்கத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. மிச்சமிருந்த முந்திரி ஓடுகளையெல்லாம் வண்டியேற்றித் திருப்பி அனுப்பினார். காய்ந்த சவுக்கு விறகு வரவழைத்தார். அது இனி நனையாமலிருக்கக் கொட்டகை போட்டார். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த சாண எரிவாயுத் தொட்டியைத் திறந்து சரிசெய்தார். சின்ன அடுப்புகள் நீல நிறத்தில் எரியத் தொடங்கின. பெரிய அடுப்பின் புகைபோக்கியைத் தானே ஏறிச் சுத்தம் செய்தார். உள்ளே கட்டியிருந்த கரியெல்லாம் அவர் தலையில் விழுந்தது. தலையிலிருந்து கால்வரை கறுப்பாகி இறங்கியவரைப் பார்த்து, "இப்பத்தான் ஐயா நெச காக்கா!" என்றார்கள் பெண்கள்.

அதோடு விட்டாரா? வேப்பமரத்துக்குத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போய் இலைகளைக் கழுவத் தொடங்கினார். தூணுக்கு ஒருவராகத் துணியும் கையுமாக ஆட்களை நிறுத்திக் கூடத்தையும் துடைக்கவைத்தார்.

அம்மை வந்து பார்த்தார். "எலையைக் கழுவிட்டு என்ன செய்யப்போறீங்க? பொட்டு வெக்கப்போறீங்களா?"

"காக்காய்க்கு இன்னும் கோவம் தீரலம்மா. கல்லுப் பக்கமே வரல."

"நீங்க கோவிச்சுக்கிட்டு மகன் வீட்டை விட்டு வந்து எத்தனை நாளாச்சு? அது மட்டும் உடனே வரணுமா?"

காக்கை பொறுமையாக வரட்டும் என்று இருந்துவிடலாம். ஊர் அப்படி இருக்கவில்லை. வைத்திலிங்கம் வாயிலிருந்து போன வார்த்தை தெருத்தெருவாகச் சுற்றிவிட்டது. கைராசி இல்லை, புகைதான் காரணம் என்று அவர் வீடுவீடாகப் போய்ச் சொன்னார். "நீங்கதானே ஐயா அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டு அனுப்பினார்கள். ஊர்ப் பெரியவர்கள் மடத்துக்கே வந்தார்கள்.

"குருபூசை அன்னிக்கும் பறவை வரலேன்னா சமையலுக்கு ஆளை மாத்திடணும்மா. ஊருக்கு ஆகாது."

"அன்னிக்குப் பாப்போம்" என்றார் அம்மை.

அஞ்சலாட்சி இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குப் பிறந்த வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓர் அறைதான் அவளுக்கு எல்லாம். இருமல் குறைந்திருந்தது. பாட்டு மட்டும் வரவில்லை. வைத்திலிங்கத்திடம் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்குக் கல்லுல சோறு வெக்கறதுக்கு மட்டும் வேற யாரையாச்சும் விடுங்க ஐயா. என் கையால வேணாம்."

"உன் கையாலதான்" என்றார் வைத்திலிங்கம். சொல்லிவிட்டு வெளியே வந்து மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

குருபூசை வந்தது. கூட்டம் கூடம் நிரம்பி முற்றத்திலும் உட்கார்ந்திருந்தது. நெல்லிக்குப்பத்துச் சமையல்காரர், வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய பிறகும், குருபூசைச் சாப்பாட்டுக்காக வந்து முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார். ஊர்ப் பெரியவர்கள் அவரை அடிக்கடி பார்த்துக்கொண்டார்கள்.

அஞ்சலாட்சி கவளத்தைக் கொண்டுவந்தாள். கல்லில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

பறவை வரவில்லை.

எல்லோரும் மரத்தையே பார்த்தார்கள். வேப்பிலைகள் வெயிலில் பளபளத்தன. பழக்கதோஷத்தில் ஒருவர் சிவப்புத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். வைத்திலிங்கம் அதைப் பிடுங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று தட்டுப்பட்டது. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் இருமவில்லை. போன மாதம் காத்திருந்த நாட்களில் கூடமெல்லாம் ஒரே இருமலாக இருக்கும். இப்போது ஒரு குழந்தை தன் அம்மாவிடம் கிசுகிசுப்பதுகூடக் கேட்டது. காற்றில் சாம்பாரும் நெய்யும் மணந்தன. அவர் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். என்ன நடந்தாலும் சரி, இது நடந்ததே போதும் என்று அவருக்குத் தோன்றியது. உடனே அஞ்சலாட்சியைப் பார்த்தார். போதாது என்று நினைத்துக்கொண்டார்.

வேலிப்பக்கம் சலசலவென்று சத்தம் கேட்டது.

காக்கை இல்லை. தவிட்டுக்குருவிகள். ஒரு கும்பல். ஒன்றையொன்று திட்டிக்கொண்டும் இடித்துக்கொண்டும் தரையில் தத்தித் தத்தி வந்தன. ஒன்று கல்லின்மேல் ஏறியது. கவளத்தைச் சுற்றி வந்து பார்த்தது. தலையைச் சாய்த்துக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது. பிறகு ஒரு பருக்கையைக் கொத்தியது. மற்றவையும் ஏறிக்கொண்டன. கல்லின்மேல் பெரிய சண்டையே நடந்தது.

சேகண்டிக்காரர் கட்டையை ஓங்கியவர் அப்படியே நின்றார். பெரியவர்களில் ஒருவர் கையை உயர்த்தினார்.

"இருங்க இருங்க. இது காக்கா இல்லையே. செல்லுமா?"

இன்னொருவர் சொன்னார், "காக்காக்கல்லுன்னுதானே பேரு?"

எல்லோரும் அம்மையைப் பார்த்தார்கள்.

"பேரு நாம வெச்சதுங்க. பறவைன்னுதான் சாமி சொல்லிட்டுப் போனாரு. தவிட்டுக்குருவிக்கு ரெக்கை இல்லையா, வாய்தான் இல்லையா? அது போடுற சத்தம் ஊருக்கே கேக்குதே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சேகண்டி அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குத் தவிட்டுக்குருவிகள் எழும்பிப் பறந்து, உடனே திரும்பி வந்து சண்டையைத் தொடர்ந்தன. பந்தியில் இலைகள் விழுந்தன. முதல் வரிசைக்குச் சோறு வரும்போது ஏரிக்கரைப் பக்கமிருந்து ஒரு காக்கை வந்தது. பழைய கிளையில் உட்கார்ந்தது. கவளத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று கண்டதும் மடத்தையே வைதுதீர்த்தது. அஞ்சலாட்சி ஓடிப்போய் இன்னொரு கவளம் கொண்டுவந்து வைத்தாள். அதன் பிறகு ஒவ்வொன்றாக மற்றக் காக்கைகளும் வந்தன.

செல்லுமா என்று கேட்ட பெரியவர் இலையைப் பார்த்தபடியே சொன்னார், "கைராசியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சாம்பார் விடச் சொல்லுங்க."

நெல்லிக்குப்பத்துக்காரர் மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார். "இப்படி ஒரு சமையல்காரி இருக்கறப்ப என்னை எதுக்கு ஐயா கூப்பிட்டீங்க?" என்றார் வைத்திலிங்கத்திடம்.

அப்போது சமையல்கட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும்பியது. முதலில் கரகரப்பாக, நடுவில் ஒரு முறை உடைந்து, பிறகு சேர்ந்துகொண்டு வந்தது. பந்தியில் பேச்சு நின்றது.

கும்மிப்பாட்டு.

"பாயசம்!" என்றது ஒரு குழந்தை.

கொட்டை உடைக்கும் பெண்கள் இலையில் உட்கார்ந்தபடியே தாளம் தட்டினார்கள். வைத்திலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது அந்தச் சிவப்புத் துண்டில்.

பாயசம் வரை சாப்பிட்டார். கை கழுவினார். வழக்கம்போலத் தூக்கம் வந்தது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நேராக அம்மையிடம் வந்தார். அம்மை கிணற்றடியில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளையில் காக்கைகள் அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

"அம்மா, நான் சாப்பிட்டுட்டேன்."

"தெரியுது. மீசையில பாயசம் இருக்கு."

"இப்பக் கேக்கறேன். காக்காய்க்கு எதுக்கு முதல் கவளம்?"

சமையல்கட்டில் பாட்டு இன்னும் நிற்கவில்லை. அம்மை ஒரு நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொகை பிடிக்கலேன்னா காக்கா ஏரிக்கரைக்குப் போயிடும் ஐயா. அஞ்சலாட்சி போக மாட்டா. ஈரத்துணியைக் கட்டிக்கிட்டு நமக்குச் சோறு ஆக்குவா. நாமளும் சாப்பிட்டுட்டுத் தூங்கிடுவோம். அதான் சாமி காக்காயைக் கேட்டுட்டு நம்மளைச் சாப்பிடச் சொன்னாரு."